மூச்சுக்கு மருந்து தேடிய மன்னர்

தை பிறந்துவிட்டால் தஞ்சை நாட்டில் அறுவடை தொடங்கும். களத்து மேட்டில் கதிர் அடிப்பார்கள். நெல்லைத் தூற்றுவார்கள். வைக்கோலைப் போர் போடுவார்கள். ஊர் முழுவதும் மகிழ்ச்சி நிறைந்திருக்கும்.

ஆனால், ஒவ்வொரு ஊரிலும் சில வீடுகளில் மட்டும் அந்த நாட்களில் கவலை குடிகொள்ளும். வைக்கோல் தூசியும், நெல் சுணையும், விடியற்காலைப் பனியும் சேர்ந்து சிலருடைய நெஞ்சை அடைத்துவிடும். நடுநிசியில் அவர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். மூச்சை இழுக்கவும் முடியாது; விடவும் முடியாது. நெஞ்சுக்குள் சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் தாயோ மனைவியோ முதுகைத் தடவிக்கொண்டு விடியும் வரை விழித்திருப்பாள்.

இழுப்பு, ஈளை, இரைப்பு என்று இந்த நோய்க்குப் பல பெயர்கள் உண்டு. டாக்டர்கள் ஆஸ்துமா என்கிறார்கள். பழைய வைத்திய ஏடுகள் இதைச் சுவாச காசம் என்ற தலைப்பில் சேர்த்திருக்கின்றன.

நோய்க்கு மருந்து கொடுப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். கொடுத்த மருந்து என்ன செய்தது என்று எழுதி வைத்தவர்கள் சிலரே. அப்படி எழுதி வைக்க ஏற்பாடு செய்தார் ஒரு மன்னர். அவர்தான் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி.

அடைபட்ட பிள்ளை

சரபோஜி 1777-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ந் தேதி பிறந்தார். தஞ்சையை ஆண்ட மராட்டிய போன்ஸ்லே வம்சத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த குழந்தை அவர்.

அப்போது தஞ்சையில் துளஜா மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகள் எல்லாரும் இறந்துவிட்டார்கள். அரசுக்கு வாரிசு இல்லை. ஆகவே, 1787-ம் ஆண்டு தொடக்கத்தில் அவர் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அப்போது சரபோஜிக்கு 9 வயதுதான்.

துளஜா மன்னருக்கு ஜெர்மனி நாட்டிலிருந்து வந்த சுவார்ட்ஸ் பாதிரியார் என்ற நண்பர் இருந்தார். தமிழில் சரளமாகப் பேசக்கூடியவர். மன்னர் தமது கடைசி நாட்களில் அவரை அழைத்து, சிறுவனைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அதே ஆண்டில் மன்னர் காலமானார்.

அதன்பின் துளஜாவின் சகோதரர் அமர்சிங் அரியணை ஏறினார். சுவீகாரம் செல்லாது என்று சொல்லப்பட்டது. சிறுவன் சரபோஜி அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைக்கப்பட்டான். அவனுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. சூரிய வெளிச்சமும் நல்ல காற்றும் கிடைக்காத வாழ்க்கை அது.

சுவார்ட்ஸ் பாதிரியார் சும்மா இருக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு எழுதினார். மீண்டும் மீண்டும் எழுதினார். முடிவில், 1793-ம் ஆண்டு சரபோஜியும் துளஜாவின் ராணிகளும் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

சென்னையில் கல்வி

சென்னையில் சரபோஜிக்குப் புது உலகம் திறந்தது. கெரிக்கே என்ற மற்றொரு பாதிரியார் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சரபோஜி ஆங்கிலம் கற்றார். கணிதம் கற்றார். ஐரோப்பிய விஞ்ஞான நூல்களைப் படிக்கத் தொடங்கினார். மராத்தி, தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளும் அவருக்குத் தெரியும்.

அவருடைய சுவீகாரம் செல்லுமா என்ற வழக்கும் ஒரு பக்கம் நடந்தது. காசிப் பண்டிதர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. சாஸ்திரப்படி சுவீகாரம் செல்லும் என்று அவர்கள் சொன்னார்கள்.

1798-ம் ஆண்டு சரபோஜி தஞ்சை மன்னரானார். அவருக்கு வயது 20. ஆனால், தம்மைக் காப்பாற்றிய சுவார்ட்ஸ் பாதிரியார் அந்தக் காட்சியைப் பார்க்க உயிரோடு இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் காலமாகிவிட்டார். அவருக்குச் சலவைக்கல்லில் நினைவுச் சிற்பம் செய்து தரும்படி இங்கிலாந்தில் புகழ்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனைச் சரபோஜி கேட்டுக்கொண்டார். அந்தச் சிற்பம் தஞ்சை சிவகங்கைப் பூங்காவை அடுத்த மாதா கோவிலில் வைக்கப்பட்டது.

முடி வந்தது, நாடு போயிற்று

அரியணை ஏறிய மறு ஆண்டே பெரிய மாற்றம் வந்தது. 1799-ம் ஆண்டு கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. சரபோஜிக்குத் தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே மிஞ்சின. ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நாட்டு வருமானத்தில் 5-ல் ஒரு பங்கும் அவருக்குத் தரப்பட்டன.

படை இல்லை. வரி வசூல் இல்லை. போர் இல்லை. மற்றொருவராக இருந்தால் ஆடல் பாடலில் காலத்தைப் போக்கியிருப்பார். சரபோஜி அப்படிச் செய்யவில்லை. தமது பணத்தையும் காலத்தையும் புத்தகத்திலும் மருந்திலும் செலவிட்டார்.

நாயக்க மன்னர்கள் காலத்திலிருந்தே தஞ்சை அரண்மனையில் ஓர் ஏட்டு நிலையம் இருந்தது. அதைச் சரபோஜி பெரிதாக வளர்த்தார். ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான புத்தகங்களை வரவழைத்தார். பல புத்தகங்களில் தம் கையாலேயே ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு வைத்தார். 1805-ம் ஆண்டில் தேவநாகரி எழுத்துகளை வார்த்து ஓர் அச்சுக்கூடமும் ஏற்படுத்தினார்.

அவர் வாங்கிய நூல்களில் பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியர் எழுதிய ரசாயன நூல் ஒன்று. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் உயிரைக் காக்கும் ஒரு பகுதி இருக்கிறது என்று காட்டி, அதற்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவர் லவாசியர். காற்று என்றால் என்ன, மூச்சு என்றால் என்ன என்று ஐரோப்பா அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தது. தஞ்சை அரண்மனையில் இருந்தபடியே சரபோஜி அதைப் படித்தார்.

தன்வந்திரி மகால்

சரபோஜி செய்த வைத்தியப் பணிகளில் சிறந்தது தன்வந்திரி மகால். வைத்தியத்துக்குத் தெய்வமாகக் கருதப்படும் தன்வந்திரியின் பெயரை அதற்கு வைத்தார்.

அது வெறும் மருந்துக்கடை அல்ல. சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர், யூனானி ஹக்கீம், ஐரோப்பிய டாக்டர் எல்லாரும் அங்கே பணி புரிந்தார்கள். ஒருவர் முறையை மற்றவர் பார்க்கலாம். நோயாளிக்கு எது நன்மை தருகிறதோ அதுவே அங்கே பெரிது. மூலிகைகள் வளர்க்கப்பட்டன. அவற்றின் இலை, பூ, காய் ஆகியவற்றை ஓவியர்கள் வர்ணத்தில் எழுதி வைத்தார்கள்.

கண் நோய்ச் சிகிச்சையில் சரபோஜிக்குத் தனி ஆர்வம் உண்டு. கண் நோயாளிகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் இன்னும் இருக்கின்றன. யாருக்கு நோய், எப்படிப்பட்ட நோய், என்ன சிகிச்சை, என்ன பலன் என்று அவற்றில் எழுதியிருக்கிறார்கள். நோயுற்ற கண்ணின் படமும் வரைந்திருக்கிறார்கள். மக்பீன் என்ற ஆங்கில டாக்டர் அவருக்கு உதவியாக இருந்தார். பிற்காலத்தில் சென்னைக் கண் டாக்டர்கள் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து வியந்தார்கள்.

இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயாளியின் பெயரில் ஒரு சீட்டு எழுதுகிறார்கள். 200 ஆண்டுகளுக்கு முன் அது புதுமை. வைத்தியம் அப்போது பரம்பரை ரகசியம். தந்தை மகனுக்குச் சொல்வார். மகன் பேரனுக்குச் சொல்வான். சொல்லாமல் போனால் மருந்தும் போய்விடும். அந்த வழக்கத்தைச் சரபோஜி உடைத்தார்.

பாட்டில் வைத்த மருந்து

கைகண்ட மருந்து முறைகளை எல்லாம் தொகுக்க அவர் ஏற்பாடு செய்தார். அவற்றை அரண்மனைப் புலவர்கள் தமிழ்ப் பாட்டாக இயற்றினார்கள். பாட்டாக இருந்தால் வைத்தியர்கள் மனப்பாடம் செய்ய எளிது அல்லவா? சரபோஜிக்குச் சரபேந்திரர் என்றும் ஒரு பெயர். ஆகவே அந்த நூலுக்குச் சரபேந்திர வைத்திய முறைகள் என்று பெயர் வந்தது.

கண் நோய், நீரிழிவு, வயிற்று நோய், குழந்தை நோய் என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பகுதி. சுவாச காசத்துக்கும் ஒரு பகுதி உண்டு. இரைப்பால் வாடும் ஏழையும் செல்வரும் அந்த நூலில் இடம் பெற்றுவிட்டார்கள்.

ஈளைக்கு ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்திரி, திப்பிலி ஆகியவற்றைத் தமிழ்நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். இவற்றில் ஆடாதோடை உலகப் புகழ் பெற்றது. அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற சத்தை மாதிரியாகக் கொண்டுதான் புரோமெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தைப் பிற்காலத்தில் விஞ்ஞானிகள் செய்தார்கள்.

கடல் கடந்த ஊமத்தை

சரபோஜி மன்னராக இருந்த அதே காலத்தில், சென்னையில் ஓர் அதிசயம் நடந்தது.

அங்கே கம்பெனியின் தலைமை டாக்டராக ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் இருந்தார். செடி கொடிகளில் ஆசை உள்ளவர். இந்த நாட்டில் இரைப்பு நோய்க்காரர்கள் ஊமத்தையை உலர்த்திப் பற்றவைத்து, அந்தப் புகையை இழுப்பதை அவர் அறிந்தார். புகை உள்ளே போனதும் சிறிது நேரத்தில் நெஞ்சு இளகுவதையும் தெரிந்துகொண்டார்.

சென்னையிலிருந்த ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802-ம் ஆண்டு அந்த மருந்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்குள்ள டாக்டர்கள் கையாண்டு பார்த்தார்கள். சீமை முழுவதும் அது பரவியது. பின்னர் ஊமத்தை இலை வைத்த ஆஸ்துமா சுருட்டும் சிகரெட்டும் கடைகளில் விற்றன. 20-ம் நூற்றாண்டிலும் அவை விற்பனையில் இருந்தன.

ஊமத்தை எப்படி வேலை செய்கிறது? மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள தசையை அது தளர்த்துகிறது. அந்தச் சத்துக்குப் பெயர் அட்ரோபின். 1830-களில் ஜெர்மன் மருந்தாளர்கள் வேறொரு செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இப்ரட்ரோபியம் என்ற மருந்து. இன்றும் கடுமையான இழுப்போடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு அதை ஆவியாகக் கொடுக்கிறார்கள்.

ஆனால், ஊமத்தை கொடிய விஷம். அளவு சிறிது கூடினாலும் நாக்கு வறளும், பார்வை மங்கும், புத்தி தடுமாறும், உயிரே போகும். ஒரு செடியில் உள்ள விஷம் மற்றொரு செடியில் இராது. அளவு தெரியாது. ஆகவே வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது. அளவு தெரிந்த மருந்துதான் மருந்து. மருந்துகளைச் சோதித்து எழுதி வைக்கச் சரபோஜி அத்தனை பாடுபட்டதன் பொருளும் இதுதான்.

சத்திரத்தில் மருந்து

சரபோஜியின் வைத்தியம் அரண்மனை மதிலுக்குள் நின்றுவிடவில்லை.

தஞ்சை நாட்டில் ராமேசுவரம் போகும் சாலையில் பல சத்திரங்கள் இருந்தன. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் சரபோஜி கட்டிய சத்திரம் புகழ் பெற்றது. அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள்.

சத்திரங்களில் சோறு மட்டும் போடவில்லை. வழிப்போக்கர் நோயில் விழுந்தால் மருந்து கொடுத்தார்கள். பத்திய உணவு கொடுத்தார்கள். உடம்பு தேறும்வரை தங்க வைத்தார்கள். இந்தச் செய்திகளை எல்லாம் 1801-ம் ஆண்டு சரபோஜியே கம்பெனிக்குக் கடிதமாக எழுதினார். சத்திரத்து மானியங்கள் தம்மிடமே இருக்கவேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள்.

1820-ம் ஆண்டு அவர் காசி யாத்திரை புறப்பட்டார். ஏறக்குறைய 3 ஆயிரம் பேர் உடன் சென்றார்கள். 1822-ம் ஆண்டில்தான் திரும்பினார். கங்கை நீரோடு ஏராளமான ஏடுகளையும் தஞ்சைக்குக் கொண்டுவந்தார்.

மறைவு

1826-ம் ஆண்டு ஹீபர் என்ற ஆங்கில பிஷப் தஞ்சைக்கு வந்து சரபோஜியைச் சந்தித்தார். இந்திய மன்னர் ஒருவர் லவாசியரைப் பற்றியும், செடிகளை வகைப்படுத்திய லின்னேயஸைப் பற்றியும் சரளமாகப் பேசியதைக் கண்டு அவர் வியப்படைந்தார். அந்த வியப்பைத் தம் குறிப்பில் எழுதி வைத்தார்.

1832-ம் ஆண்டு மார்ச் மாதம் 7-ந் தேதி சரபோஜி காலமானார். அவருக்கு வயது 54.

அவருக்குப்பின் மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். 1855-ம் ஆண்டு அவரும் காலமானார். ஆண் வாரிசு இல்லை என்று சொல்லித் தஞ்சை அரசையே கம்பெனி முடித்துவிட்டது.

அரசு போயிற்று. ஏடுகள் பிழைத்தன. 1918-ம் ஆண்டு அந்த ஏட்டு நிலையம் பொது மக்களுக்கு உரிய நூல் நிலையம் ஆயிற்று. அதுதான் சரசுவதி மகால். சரபேந்திர வைத்திய முறைகளையும் அது நோய்வாரியாக அச்சிட்டு வெளியிட்டது.

சிறுமி கேட்ட கேள்வி

சரபோஜி மறைந்து 120 ஆண்டுகளுக்குப்பின் இரைப்பு வைத்தியத்தில் ஒரு பெரிய முன்னேற்றம் ஏற்பட்டது. அதற்குக் காரணம் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி.

அவளுக்கு ஆஸ்துமா. மருந்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி இழுக்கவேண்டும். குப்பி அடிக்கடி உடையும். தலைமுடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே போல என் மருந்தும் ஒரு டப்பாவில் வரக்கூடாதா என்று அவள் தந்தையிடம் கேட்டாள். தந்தை ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர். மகளின் கேள்வி அவரைச் சிந்திக்க வைத்தது. 1956-ம் ஆண்டு கைக்கு அடக்கமான இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

1969-ம் ஆண்டில் இங்கிலாந்தில் சால்பூட்டமால் என்ற மருந்து வந்தது. இன்று நீல நிற இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது அதுதான். இழுத்த சில நிமிடங்களில் மூச்சுக் குழாய் விரியும். பலன் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும்.

இன்ஹேலர் என்றாலே நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. அது கடைசி மருந்து, பிடித்தால் விடாது என்று நினைக்கிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவேண்டுமே என்று ஒளித்து வைப்பவர்களும் உண்டு. இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் இன்ஹேலரை ஒரு முறை அமுக்கினால் 100 மைக்ரோகிராம் மருந்து வரும். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அதைப்போல 40 மடங்கு மருந்து இருக்கிறது. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சுற்றும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலர் மருந்தோ குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது.

மடை திறப்பதும் தூர் வாருவதும்

ஆனால், நீலக் குழாயிலும் ஓர் ஆபத்து உண்டு. 1960-களில் இங்கிலாந்திலும் வேறு சில நாடுகளிலும் ஆஸ்துமாச் சாவுகள் திடீரென்று கூடின. அப்போது விற்ற வீரியம் மிகுந்த ஐசோபிரினலின் இன்ஹேலரைப் பலர் அளவுக்கு மீறி இழுத்ததும், அதையே நம்பி ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்ததும் முக்கிய காரணம் என்று ஆராய்ந்த டாக்டர்கள் பலர் கருதினார்கள்.

காவிரிக் கரை விவசாயிக்கு இதை எளிதில் விளக்கலாம். வாய்க்காலில் மண் மேடிட்டிருக்கிறது. மடையும் அடைத்திருக்கிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் கொஞ்சம் பாயும். பயிர் அன்றைக்குப் பிழைக்கும். ஆனால் தூர் வாராவிட்டால் வாய்க்கால் நாளுக்கு நாள் குறுகும். ஒரு நாள் மடையைத் திறந்தும் தண்ணீர் வராது.

ஆஸ்துமாவும் அப்படித்தான். மூச்சுக் குழாயின் தசை இறுகுவது ஒன்று. குழாயின் உட்புறம் வீங்கிச் சளி கட்டுவது மற்றொன்று. நீலக் குழாய் மருந்து தசையைத் தளர்த்தும். அது மடை திறப்பது. வீக்கத்தை அது குறைக்காது. அதற்கு ஸ்டீராய்டு சேர்ந்த தடுப்பு இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி நாள்தோறும் இழுக்கவேண்டும். அது தூர் வாருவது. இழுத்தபின் வாய் கொப்பளிக்கவேண்டும்.

இதனால்தான் ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019-ம் ஆண்டு ஒரு முக்கிய மாற்றத்தைச் செய்தது. பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சால்பூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து விட்டுவிடக்கூடாது. ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேரவேண்டும் என்று அது அறிவித்தது.

இழுக்கும் முறை

இன்ஹேலரை நன்றாகக் குலுக்கவேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விடவேண்டும். உதடுகளால் குழாயைக் கவ்விக்கொள்ளவேண்டும். மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கவேண்டும். ஆழமாக இழுத்து, 10 எண்ணும்வரை மூச்சை அடக்கவேண்டும். இரண்டாவது முறை வேண்டுமானால் அரை நிமிடமாவது பொறுக்கவேண்டும். குழந்தைகளுக்கு ஸ்பேசர் என்ற கூண்டைப் பொருத்திக் கொடுக்கவேண்டும்.

இழுப்பு வந்தால் படுக்கக்கூடாது. நிமிர்ந்து உட்காரவேண்டும். வீட்டார் பதறக்கூடாது. டாக்டர் சொல்லி வைத்த அளவுப்படி மருந்தை இழுக்கச் செய்யவேண்டும். அதற்கும் மூச்சு இளகாவிட்டால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால் காத்திருக்கக்கூடாது. உடனே 108 ஆம்புலன்சை அழைக்கவேண்டும்.

ஒரு சிறு நோட்டு

சரபோஜியின் வாழ்க்கையிலிருந்து ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அது எழுதி வைப்பது.

ஒரு சிறு நோட்டுப் போதும். நீலக் குழாயை என்றைக்கு எத்தனை முறை இழுத்தோம்? இரவில் எழ நேர்ந்ததா? அன்று களத்துக்குப் போனோமா, வைக்கோல் ஏற்றினோமா, அடுப்புப் புகையில் நின்றோமா? இவற்றைக் குறித்து வைத்தால் போதும்.

வாரத்தில் 2 முறைக்கு மேல் நீலக் குழாய் தேவைப்பட்டால், நோய் அடங்கவில்லை என்று பொருள். 200 முறை இழுக்கக்கூடிய நீலக் குழாய் ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் கடும் இழுப்பு வரும் அபாயம் கூடுகிறது. மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே அபாயம் கூடுகிறது. கடையில் மற்றொரு குழாய் வாங்குவது அதற்குப் பரிகாரம் அல்ல. நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகவேண்டும்.

தஞ்சையில் மன்னர் குடும்பமும் மிராசுதார்களும் சேர்ந்து உதவிய ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1959-ம் ஆண்டு தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சரபோஜி காலத்து நோயாளிக்குக் கிடைக்காத மருந்துகள் இன்று கூலி விவசாயிக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கின்றன.

நாட்டை இழந்த ஒரு மன்னர், நோயாளிகளின் குறிப்பை இழக்க மனமில்லாமல் ஏட்டில் ஏற்றி வைத்தார். அந்த ஏடுகள் தஞ்சை அரண்மனையில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த தை அறுவடையின்போது, இரைப்பு நோயாளி உள்ள வீட்டில் இன்ஹேலருக்குப் பக்கத்தில் அந்தச் சிறு நோட்டும் இருக்கட்டும்.